தலைவர் அடித்த பூச்சு

வாசலில் இருந்த பலகையில் 'ராயல் சீடர்ஸ் ரிசார்ட் எஸ்டேட்ஸ்' என்று பொன்னிறத்தில் எழுதியிருந்தது. ராஜ களை அந்தப் பலகையோடு சரி. உள்ளே போனால், மூடிப்போன மர ஆலை ஒரு காலத்தில் தடிகளை அடுக்கிவைத்த கிடங்கு. அதன்மேல் சரளை கொட்டி, கம்பம் நட்டு மின்சாரம் இழுத்து, முப்பத்தெட்டு கட்டங்களாகக் கோடு கிழித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 'எஸ்டேட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எஸ்டேட்வாசிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. பெயருக்குக் காரணமான சீடர் மரம், அதாவது தேவதாரு, ஒன்றே ஒன்று நின்றது. அதுவும் மூன்று வருஷத்துக்கு முன் அடித்த காற்றில் துணி துவைக்கும் அறையின் மேல் விழுந்து, அறையையும் தன்னையும் முடித்துக்கொண்டது.

இருபத்தொன்பதாம் எஸ்டேட்டில் டாரில் லாம்பி குடியிருந்தான். கிரேஸ் ஹார்பர் கரையில் அவன் வேலை பார்த்த மரம் இழைக்கும் ஆலை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. மனைவி கிறிஸ்டா பிரிந்து போய் ஒன்றரை வருஷம். மிஞ்சியது ஒரு பழைய கூடார வண்டி. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும்போது அது இடுப்புயரப் பெட்டி. நிறுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால் கூரை எழும்பும். இரண்டு பக்கமும் படுக்கைகள் மேசை இழுப்பறைபோல வெளியே நீளும். கூரைக்கும் படுக்கைக்கும் நடுவில் சுவர் என்று இருப்பதெல்லாம் கித்தான். நாலு நாள் ஏரிக்கரையில் மீன் பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்காகச் செய்த வண்டி. டாரில் அதில் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கத்தில் மழை அக்டோபரில் பிடித்தால் மே மாதம்தான் விடும். நடுவில் யாராவது 'விட்டுடுச்சு' என்றால் தூறலாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். பழைய கித்தான் பல்லிளித்ததும் டாரில் தன் மரம் அறுக்கும் ரம்பத்தை விற்றுப் புதுக் கித்தான் வரவழைத்தான். தனக்காக என்றால் வாளி வைத்துச் சமாளித்திருப்பான். இது ஹெட்டிக்காக.

ஹெட்டிக்கு எட்டு வயது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனி, ஞாயிறு அப்பாவிடம் வருவாள். இப்போது கிறிஸ்டாவின் புதுக் கணவனுக்கு நெவாடாவில் சுரங்க வேலை கிடைத்துவிட்டது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக அவள் கோர்ட்டில் அனுமதி கேட்டிருந்தாள். டாரில் கூடாது என்றான். நீதிபதி இருவரையும் பார்த்துவிட்டு, பிள்ளையின் சார்பில் விசாரிக்க ஓர் அம்மாளை நியமித்தார். அந்த மிஸஸ் காலஹன் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பார்ப்பார். பிள்ளைக்கென்று தனியாக, ஈரமில்லாத, கதகதப்பான ஒரு படுக்கை இருக்க வேண்டும். அந்த இடம் கோடை வரைக்கும் அவனுடையதுதான் என்று கடிதம் வேண்டும். இரண்டும் இருந்தால் ஹெட்டி இங்கேயே படிப்பாள், பாதி நாள் அப்பா, பாதி நாள் அதே ஊரில் இருக்கும் பெரியம்மா வீடு. இல்லையென்றால் நெவாடா. ஆயிரம் மைலுக்குக் கொஞ்சம் குறைவு.

புதுக் கித்தானோடு ஒரு தாள் வந்திருந்தது. டாரில் அதை மூன்று தடவை படித்தான். பருத்திக் கித்தானை முதலில் நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். மூன்று முறை. முதல் தடவை தையலெல்லாம் ஒழுகும், பயப்பட வேண்டாம். நூல் ஊறி உப்பி ஊசித் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அதற்கு முன் மேலே எதையும் பூசக் கூடாது. இந்தக் கடைசி வரியை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கித்தானை மாட்டி நனைத்தான். ராத்திரி முழுக்க உள்ளே சூடேற்றும் மின் அடுப்பை வைத்துக் காய வைத்தான். திங்கட்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது ரப்பர் குழாயை எடுத்து இரண்டாம் தடவை நனைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து எஸ்டேட்டில், பழைய பள்ளிக்கூடப் பஸ்ஸில் குடியிருக்கும் ரோண்டா சிப்பி உரிக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்தாள். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

"என்னப்பா டாரில், வானம் ஊத்துறது பத்தலையா? நீ வேற ஊத்துற?"

"மூணு தடவ நனைச்சுக் காயவைக்கணும் ரோண்டா. தாள்ல போட்டிருக்கு."

"நனைக்கிறது சரி. காயவைக்க எந்த மாநிலத்துக்கு எடுத்துட்டுப் போகப்போற?"

"சிரிக்காத. நேத்தவிட இன்னிக்குப் பாதிதான் ஒழுகுது. உள்ள போய்ப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். பாதிதான் ஒழுகியது. "அட, நெசமாத்தான்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரளையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் வெர்னன் ஹால்டர்சன் கையில் தாள்கள் செருகிய அட்டைப் பலகையும் கழுத்தில் விசிலுமாக வந்துகொண்டிருந்தார். விசில் எதற்கென்று யாருக்கும் தெரியாது. ஊதி யாரும் கேட்டதில்லை.

தலைவர் முப்பத்தோரு வருஷம் ஒரு சாமான் கடையில் பெயிண்ட் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். ஆகவே உலகத்தில் எதன்மேல் எது பூசப்பட்டாலும் அதில் தமக்கு ஒரு கருத்து உண்டு என்பதும், அந்தக் கருத்தே கடைசி என்பதும் அவருடைய நம்பிக்கை. ரிசார்ட்டின் அழகைக் காக்கப் பதினேழு விதிகள் எழுதியிருந்தார். ஒன்பதாம் விதிப்படி பத்து வயசுக்கு மேற்பட்ட வண்டிகள் இனி உள்ளே வரக் கூடாது. அவருடைய முப்பத்தாறு அடி மோட்டார் வீட்டுக்கு இருபத்திரண்டு வயசு. ஒன்பது வருஷமாக நகராமல் அதன் சக்கரங்களில் பாசி படர்ந்து பச்சை வெல்வெட் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அது விதிக்கு முன்பே வந்துவிட்டதால் விதி அதைக் கட்டுப்படுத்தாது. பதினான்காம் விதி தார்ப்பாயைப் பற்றியது. எந்த எஸ்டேட்டின் மேலும் தார்ப்பாய் கட்டக் கூடாது, நீல நிறத்தில் அறவே கூடாது. பார்ப்பவர்கள் ஏழைகள் குடியிருக்கும் இடம் என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா?

தலைவர் தலையை உள்ளே நீட்டினார். ஒரு சொட்டு அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

"தம்பி, ஒழுகுதே."

"ஆமா சார். மொதல்ல ஒழுகும். நூல் ஊறினதும் நின்னுடும்."

"யார் சொன்னா?"

"தாள்ல போட்டிருக்கு சார். எதையும் பூசக் கூடாதுன்னும்..."

"தாள் எழுதினவன் எத்தன வருஷம் பெயிண்ட் வித்தான்?"

டாரில் ரப்பர் குழாயைச் சுருட்டத் தொடங்கினான். பதில் ரோண்டாவிடமிருந்து வந்தது. "அவன் கித்தான் செஞ்சு விக்கிறான் தலைவரே, அதுல கொஞ்சம் வெவரம் இருக்கும்ல?" என்றாள். தலைவருக்கு அவள் பேச்சு காதில் விழுவதில்லை. பள்ளிக்கூடப் பஸ்ஸைப் பற்றி அவரிடம் ஒரு கோப்பே இருந்தது.

"சிலிக்கான் தம்பி, சிலிக்கான். ஒரே கோட். வாத்து முதுகு மாதிரி தண்ணி ஒட்டாம ஓடிடும். நாளைக்குக் காலைல நானே வந்து அடிச்சுத் தர்றேன். காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை கோர்ட்லேருந்து வர்றாங்கல்ல? ராயல் சீடர்ஸ் பேரு அதுல இருக்கு." பிறகு அட்டைப் பலகையைத் தட்டினார். "உன் கடிதமும் இதுலதான் இருக்கு. கையெழுத்துதான் பாக்கி."

டாரில் கடிதத்தைப் பார்த்தான். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தது.

"சரி சார்" என்றான்.

தலைவர் போனதும் ரோண்டா அவனைப் பார்த்த பார்வையில் சிப்பிக் கத்தி இருந்தது. "உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் சரிங்கிற."

"கடிதம் வேணும் ரோண்டா."

"கடிதத்த விரிச்சா பாப்பா படுக்கப் போறா?"

செவ்வாய்க்கிழமை காலை வைபவம் நடந்தது. தலைவர் வெள்ளை மேலங்கி போட்டு, முகமூடி கட்டி, முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு வந்தார். வேடிக்கை பார்க்க ஏழெட்டு எஸ்டேட்வாசிகள் குடையோடு கூடினார்கள். மேற்பரப்பு, பிடிப்பு, உலர் நேரம் என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தார். கித்தான் இன்னும் ஈரமாக இருக்கிறதே என்று டாரில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "ஈரத்த உள்ளயே பூட்டிடும், வெளில விடாது" என்று தலைவர் பதில் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று யோசிக்க யாருக்கும் அவகாசம் கொடுக்காமல் அடிக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் மழை வந்தது. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு கித்தான்மேல் உருண்டு ஓடியது. தலைவர் அதைப் பல கோணங்களில் படம் பிடித்துக்கொண்டார். சங்கத்தின் மாதாந்திர மடலுக்கு 'விஞ்ஞானம் வென்றது' என்று தலைப்பும் தயாராகிவிட்டது. உருண்டு ஓடிய முத்துகள் எங்கே போகின்றன என்று அவர் பார்க்கவில்லை. அவை தையல்வரை உருண்டு போய், அங்கே வரிசையாகத் திறந்திருந்த ஊசித் துளைகள் வழியாக உள்ளே இறங்கின. நூல் இனி ஊறாது. துளை இனி மூடாது. பாதியாகக் குறைந்திருந்த ஒழுகல் பழைய அளவுக்கே வந்துவிட்டது.

புதன்கிழமை டாரில் தையல் பசை வாங்கிவந்து தடவினான். பசை உரிந்து சுருண்டு விழுந்தது. மெழுகைத் தேய்த்தான். மெழுகு வழுக்கியது. கூரை ஒட்டும் நாடாவை ஒட்டினான். அது அரைமணி நேரம் யோசித்துவிட்டு, செத்த மீன்போலத் தொங்கியது. சிலிக்கான்மேல் எதுவும் ஒட்டாது, இன்னொரு சிலிக்கானைத் தவிர.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலைவரின் மோட்டார் வீட்டு வாசலில் நின்றான்.

"சார், ஒரே ஒரு நாள். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு தார்ப்பாய் கட்டிக்கிறேன். பழுப்பு நிறந்தான், நீலங்கூட இல்ல."

தலைவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். கரண்டி நின்றது. "என் கோட்டிங் மேல தார்ப்பாயா?"

"கோட்டிங்ல குத்தம் இல்ல சார். தையல்ல..."

"கோட்டிங்ல குத்தம் இல்லன்னா தார்ப்பாய் எதுக்கு? தம்பி, நாளைக்கு அந்தம்மா வரும்போது நான் கூடவே இருப்பேன். கடிதத்த என் கையாலயே குடுப்பேன். தார்ப்பாய் தொங்குற எடத்துக்கு நான் எப்படிக் கையெழுத்து போடுறது? பதினாலாம் விதி எழுதினதே நான்."

திரும்பி வந்தபோது ரோண்டா தன் பஸ்ஸின் அடியிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்துப் போட்டிருந்தாள். "கட்டுடா. நான் ஒரு முனையப் புடிக்கிறேன். என்ன பண்ணிடுவான்? விசில் ஊதுவானா?"

டாரில் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். கயிற்றைக்கூடக் கையில் எடுத்தான். கடிதம் இல்லாமல் போனால் காய்ந்த படுக்கை இருந்தும் பயன் இல்லை. படுக்கை காயாமல் போனால் கடிதம் இருந்தும் பயன் இல்லை. கடிதத்தைக் கொடுப்பவர் மனிதர், அவரைக் கெஞ்சலாம். மழையைக் கெஞ்ச முடியாது. கெஞ்சத் தெரிந்தவன் எப்போதும் செய்வதையே அவனும் செய்தான். கயிற்றைக் கீழே போட்டான்.

"நீயெல்லாம் எப்படிய்யா தடி அறுத்த?" என்றுவிட்டு ரோண்டா பஸ்ஸுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது தென்மேற்குக் காற்று மழையை வீசி அடித்தது. காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த படுக்கை ஹெட்டியுடையது. ஏனென்றால் அதன் ஜன்னல் வழியாகத்தான் கடல் தெரியும். அவளுடைய மெத்தை பஞ்சுபோலத் தண்ணீர் குடித்திருந்தது. எதிர்ப்பக்கம், காற்று படாத முனையில் டாரிலின் படுக்கை. அங்கே தையல் ஒழுகவில்லை. அவன் மெத்தைகளை மாற்றினான். காய்ந்ததைக் காற்று படாத முனையில் போட்டு, ஹெட்டியின் ஊதா மெத்தைவிரிப்பை அதன்மேல் விரித்தான். அவள் வரைந்த திமிங்கிலப் படத்தைக் கம்பியில் கட்டினான். தலையணையைக் கித்தான் படாமல் ஒரு சாண் தள்ளி வைத்தான். நனைந்த மெத்தையைத் தன் பக்கம் போட்டுக் கம்பளியால் மூடினான். மின் அடுப்பை முழு வேகத்தில் வைத்தான். ஒன்பதே முக்காலுக்கு அந்த இடம், அதில் குடியிருப்பவன் மேல் பிரியம் உள்ளவருக்கு, ஒரு சின்ன அறை மாதிரி இருந்தது.

மிஸஸ் காலஹன் பத்து மணிக்குச் சொல்லிவைத்தாற்போல வந்தார். அறுபது வயசு, மழைக்கோட்டு, முழங்காலில் வலி. தலைவர் வாசல் பலகையருகிலேயே அவரைப் பிடித்துக்கொண்டு, ரிசார்ட்டின் வரலாற்றைச் சொல்லியபடியே கூட்டிவந்தார். ஆலைக் கிடங்கு என்ற பகுதி வரலாற்றில் இடம்பெறவில்லை.

"இதா பாப்பாவோட படுக்கை?" என்றார் அந்த அம்மாள் உள்ளே வந்ததும்.

"ஆமாங்கம்மா."

அவர் விரிப்பை விலக்கினார். மெத்தையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தலையணையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"காய்ஞ்சிருக்கு. கதகதன்னு இருக்கு." திமிங்கிலத்தைப் பார்த்துச் சிரித்தார். "இத வரஞ்சது யாரு, பாப்பாவா? திமிங்கிலத்துக்குத் தொப்பி வேற."

"மழைக்காம்" என்றான் டாரில்.

அவர் கோர்ட் படிவத்தை எடுத்து, பேனாவின் மூடியைத் திறந்தார். தலைவர் அட்டைப் பலகையிலிருந்து கடிதத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கையெழுத்திட்டு, பரிசளிப்பு விழாவில் கொடுப்பதுபோல நீட்டினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு. ஆனால் தலைவருக்கு, தாம் இருக்கும் அறையில் இன்னொருவரின் திமிங்கிலம் பாராட்டு வாங்குவது பொறுக்கவில்லை.

"காய்ஞ்சிருக்குன்னா சும்மாவா மேடம்? இதுக்குப் பின்னால ஒரு விஞ்ஞானம் இருக்கு. வெளில என்ன மழை! உள்ள பாருங்க, சருகு மாதிரி."

அவர் கையைத் தூக்கினார்.

கித்தானுக்கு அடியில் ஒரு வாரம் படுத்தவர்களுக்குக்கூட இது தெரியும். மழை பெய்யும்போது உள்ளே இருந்து கித்தானைத் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். தொட்ட இடத்தில் தண்ணீருக்கு வழி தெரிந்துவிடும். பிறகு மழை விடும்வரை அது அங்கேதான் இறங்கும். ஹெட்டி தூக்கத்தில்கூட முழங்கையைச் சுருக்கிக்கொள்வாள். தலைவர் வாழ்நாள் முழுவதும் அலுமினியக் கூரைக்குக் கீழே வாழ்ந்தவர்.

"சார், தொடாதீங்க!" என்று டாரில் கத்தினான்.

அதற்குள் தலைவர் படுக்கைக்கு மேலே ஐந்து விரலையும் விரித்துக் கித்தானில் ஊன்றி, உடம்பின் பாரத்தையும் அதன்மேல் சாய்த்துவிட்டார். ஈரத்தோடு பூசிய பூச்சு பட்டை பட்டையாகத்தான் பிடித்திருந்தது. பிடிக்காத இடமெல்லாம் அந்தக் கைக்கு அடியில் இருந்தது. முதலில் அவருடைய மணிக்கட்டில் ஒரு கோடு இறங்கியது. பிறகு முழங்கையிலிருந்து சொட்டியது. கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. அழுத்தத்தில் தையல் வாய் பிளந்து, தண்ணீர் சரமாகத் தலையணையில் விழுந்து, ஊதா விரிப்பு கறுக்கத் தொடங்கியது.

பேசாமல் இருக்கத் தெரியாத ஒருவர் அப்போதும் பேசினார்.

"இது மழைத் தண்ணி இல்ல மேடம். உள் ஈரம். நாம மூச்சு விடுறதால வர்றது."

"அப்ப புள்ள மூச்சு விடாம தூங்கணுமா?" என்றார் மிஸஸ் காலஹன்.

டாரில் ஒரு சட்டியைக் கொண்டுவந்து தலையணையிருந்த இடத்தில் வைத்தான். அந்த அம்மாள் எதிர்ப்பக்கம் திரும்பி, கம்பளியைத் தூக்கி, அங்கிருந்த மெத்தையை அழுத்தினார். விரல் இடுக்கில் தண்ணீர் பிதுங்கியது. கையை மழைக்கோட்டில் துடைத்துக்கொண்டார்.

"இது நேத்து வரைக்கும் யாரோட மெத்தை?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. தலைவர்கூட அவனுக்காக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பாப்பாவோடது" என்றான் டாரில்.

"உங்களுத அவளுக்குக் குடுத்துட்டு, இதுல நீங்க படுக்கலாம்னு இருந்தீங்க."

"ஆமாங்கம்மா."

அந்த அம்மாள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இதையெல்லாம் எழுத இதுல எடம் இல்ல, தம்பி. ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஈரம் உண்டு, ஈரம் இல்லை."

"தெரியுதும்மா. நீங்க பார்த்தத எழுதுங்க."

அவர் பார்த்ததை எழுதினார். தலைவர் அவர் பின்னாலேயே போனார். டாரில் பம்பை ஒழுங்காகக் குலுக்கிக் கொடுக்கவில்லை என்று அவர் விளக்கிக்கொண்டு போனது வாசல் வரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை கோர்ட்டில் கால் மணி நேரம் ஆயிற்று. ரிசார்ட்டின் கடிதம் கோப்பில் இருந்தது, யாரும் அதைப் புரட்டவில்லை. மிஸஸ் காலஹன் எழுந்து, தகப்பன் நல்ல மனிதர் என்று வாயால் சொன்னார். நீதிபதி தலையாட்டிவிட்டுக் கட்டத்தைப் பார்த்தார். கிறிஸ்டா வெளியே வந்து, "நான் சந்தோஷப்படல டாரில், கடவுள் சத்தியமா" என்றாள். அது உண்மை என்று அவனுக்கும் தெரிந்தது. அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. கோடையில் இரண்டு வாரம் பிள்ளை அவனிடம் வரலாம், இடம் சரியாக இருந்தால்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெவாடாவிலிருந்து ஹெட்டி கூப்பிட்டாள். டாரில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு வண்டியின் படியில் உட்கார்ந்தான்.

"அப்பா, இங்க மழையே பெய்யாதாம்ப்பா. ஸ்கூல்ல ஒரு பையன் குடையே பார்த்ததில்லங்கிறான்."

"அப்படியா? நல்ல ஊருதான்."

"ராத்திரி சத்தமே இல்லப்பா. தூக்கம் வரல."

"பழகிடும்டா."

"நீ வண்டிய இழுத்துக்கிட்டு இங்க வந்துடேன். இங்க ஒழுகவே ஒழுகாது."

ரம்பம் இல்லை, வேலை இல்லை, காரின் டயர் நாலும் வழுக்கை. நடுவில் இரண்டு மலைத்தொடர். டாரில் எழுந்து நின்று, கால்சராயில் ஒட்டிய ஈரத்தைக் கையால் தட்டிவிட்டான்.

"கித்தான் காயணும்டா மொதல்ல" என்றான். "ஈரத்தோட மடிச்சா பூஞ்சை புடிச்சுடும்."

"எப்ப காயும்?"

"மே மாசம்" என்றான் டாரில்.

அந்தப் பக்கம் அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். அவன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.